சான்றுகளைத் தாமே திரட்டியவர்: அயோத்திதாசப் பண்டிதர்

சிவகாசி வட்டாரத்து வெடிவிபத்துகளுக்குப் பின் இழப்பீட்டு வழக்கு நடத்தும் நாம் முதலில் தேடுவது, இறந்தவர் அந்த ஆலையில் வேலை செய்தார் என்பதற்கான சான்றை. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாதவரைத் தொழிலாளி என்று மெய்ப்பிப்பது கடினம். பதிவேடு யார் கையில் இருக்கிறது? ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு முழுமைக்குமாக இக்கேள்வியை எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20 அன்று பிறந்த காத்தவராயன், தம் ஆசிரியரின் பெயரையே தமக்கும் சூட்டிக்கொண்டார். சித்த மருத்துவரான அவர் 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவுரிமை கேட்டபோது எதிர்ப்பே எழுந்தது. உடனே கல்வியும் தரிசு நிலமும் கேட்டார். குடிமதிப்புக் கணக்கில் தம் மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதியுமாறும் வலியுறுத்தினார்.

விண்ணப்பங்களோடு அவர் நிற்கவில்லை. 1898இல் இலங்கையில் பௌத்தம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. சுவடிகள், நிகண்டுகள், பழந்தமிழ் நூல்கள், மக்கள் வழக்காறுகள் ஆகியவற்றைச் சான்றாக வைத்து, தீண்டாதார் எனப்பட்டோர் பூர்வ பௌத்தரே என்று வாதிட்டார். 'இந்திரர் தேச சரித்திரம்' அவ்வாறு எழுந்ததே. அந்தச் சங்கமும் இதழும் ஒடுக்கப்பட்டோர் தாமே நடத்திய ஆய்வுக்கூடங்கள். அவற்றைத் தாங்கியவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் முதன்மையானோர். சுரங்கத்தில் உழைத்த கைகளே தம் வரலாற்றை அச்சேற்றின.

அவருடைய சொல்லாராய்ச்சிகள் பல இன்று விவாதத்துக்குரியவை. அருந்ததியர் போன்றோரைத் தம் பூர்வ பௌத்தர் வரையறைக்கு வெளியே நிறுத்தினார் என்ற விமர்சனத்தையும் நாம் மறைப்பதற்கில்லை. அந்தக் குறையை நிறைவு செய்வது நம் பொறுப்பு.

1914 மே 5 அன்று அவர் மறைந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. இதழ்களைப் பாதுகாத்த மக்கள் இல்லையேல் அத்தொகுப்பும் இல்லை.

நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் ஊர் சிவகாசி. அங்கே பட்டாசுத் தொழிலாளர் தாமே பேணும் ஒரு பதிவேடு வேண்டும்: யார், எந்த அறையில், யாரிடம், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்று. நீதிமன்றத்தில் நாம் நீட்ட வேண்டிய முதல் ஆவணம் அதுவே. பண்டிதருக்குச் செய்யும் நினைவேந்தலும் அதுவே.