பாப்பாத்தி கோயில் கட்டிய அம்மையார்

பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்த முதல் வாரம். சாயங்காலம் நடந்து போகையில் கூட வந்த சீனியர் ஒருவர் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, அதான் பாப்பாத்தி கோயில் என்றார். எங்க ஊர்ப் பக்கம் அந்தப் பேரில் கோயில் என்றால் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற சிறுதெய்வம்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசையாகப் பெஞ்சுகள், எதிரே சிலுவை! விழித்தேன். மலருக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலர் கேட்டதும் அந்த விழிப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆகவே குளோரிந்தா அம்மையாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த மராத்திய பிராமணப் பெண். இளம் வயதிலேயே விதவையானவர். கணவனின் சிதையில் ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை. அது எப்படியானாலும், அந்த அதிகாரியோடு அவர் வாழ்ந்தார் என்பது உறுதி. ஆங்கிலமும் கிறிஸ்தவ போதனையும் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டார். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

தஞ்சையில் இருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறவரைச் சேர்க்க முடியாது என்று ஐயர் மறுத்துவிட்டார். பிறந்த சாதி எப்போதோ கதவை அடைத்துவிட்டது. இப்போது சபையின் வாசலும் திறக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, ஐயர் ரொம்ப நல்ல மனுஷர். அன்றைய சபை ஒழுங்கும் அதுதான். ஆனாலும் அவளை மணக்காமலே வைத்திருந்த துரையைவிட அந்தப் பெண்ணுக்குத்தானே தண்டனை அதிகம் விழுந்தது என்று எனக்கு இன்னமும் மனசு கேட்பதில்லை.

வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் போகவில்லை. பட்டாளம் பாளையங்கோட்டைக்கு மாறியபோது கூடவே வந்தார். துரை இறந்தார். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். இம்முறை தடை இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பேர்தான் குளோரிந்தா. 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவில் மொத்தம் 40 பேர். அதில் முதல் பேர் அவருடையது. திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபைக்கு ஆரம்பம் அந்த 40 பேர்தான்!

கையில் இருந்ததைப் போட்டும், கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் கேட்டு வாங்கியும் ஒரு ஆலயம் கட்டினார். 1785இல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஒரு காலத்தில் இவரைச் சேர்க்க மறுத்தவர், இவர் கட்டிய கோயிலில் நின்று ஜெபம் பண்ணினார். அந்த நிமிஷம் இரண்டு பேருக்கும் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஜனங்களுக்காக அம்மையார் ஒரு கிணறும் வெட்டிவைத்தார். அதற்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பேர். எந்தச் சாதியை விட்டு வெளியே வந்தாரோ அந்தச் சாதிப் பேரையே ஊர் ஒட்டவைத்துவிட்டது, பாருங்கள்.

கட்டடம் மட்டும் இருந்தால் போதுமா? போதகம் பண்ண ஆள் வேண்டுமே. தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்ற உபதேசியார் வந்தார். 1790இல் அவருக்கே குருப்பட்டம் கிடைத்தது. அதன் பிறகு காரியம் கிராமங்களுக்குப் பரவியது. 1799இல் முதலூர் உண்டாயிற்று. 1802, 1803ஆம் வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அம்மையார் 1806 வாக்கில் காலமானார் என்கிறார்கள். அப்படியானால் 40 பேர் ஆயிரங்களானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நம்ம நெல்லைச் சீமைக்காரரான அ. மாதவையா 1915இல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். பிராமணரான அவருக்கு இந்தப் பெண்ணின் கதை பட்டது. பக்கத்திலேயே மூன்று வருஷம் படித்த நான் ஒருநாள் எட்டிப் பார்த்ததோடு சரி. இத்தனைக்கும் நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்.

இந்தத் தடவை கூடுகைக்கு வருகிற நம் செட் நண்பர்கள், சாப்பாடு முடிந்ததும் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட வேண்டாம். கோட்டைப் பக்கமா ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். வழி கேட்கும்போது குளோரிந்தா ஆலயம் என்று சொல்லிப் பாருங்கள். புரியவில்லை என்றால் பாப்பாத்தி கோயில் என்று கேளுங்கள்.