துணிந்து பேசிய துறவி: மாட்டின் லூதர் (1483 - 1546)



ஐரோப்பாவின் சமய மறுசீரமைப்புப் பற்றிக் கற்கும்போது மாட்டின் லூதர் என்ற பெயரை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். 1517 ஆம் ஆண்டு, 95 கருத்துரைகள், விட்டன்பேர்க் நகரம் என்று மூன்று விடயங்களை மனனம் செய்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவோர் பலர். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்கலாம். ஆனால் லூதர் பிறப்பிலேயே அஞ்சாத மனிதர் அல்லர் என்பதை நீங்கள் அறிவீர்களா? பயத்தினாலேயே துறவியானவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு பேரரசன் முன்னிலையில் எவ்வாறு வாய் திறந்தார் என்பதை இப்பகுதியில் பார்ப்போம்.

இளமையும் இடிமின்னலும்

லூதர் 1483 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10 ஆம் திகதி ஜேர்மனியின் ஐஸ்லேபன் நகரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் செப்புச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டு, கடும் உழைப்பால் முன்னேறியவர். தன் மகன் சட்டம் படித்துப் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பதே அவரது ஆசை. லூதரும் 1501 இல் ஏர்பேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1505 இல் முதுமாணிப் பட்டம் பெற்று, சட்டக் கல்வியைத் தொடங்கினார்.

அதே ஆண்டு ஜூலை மாதம் 2 ஆம் திகதி, வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்திற்குத் திரும்பும் வழியில் கடும் புயலில் அகப்பட்டார். அருகில் மின்னல் விழுந்தது. மரண பயத்தில், உயிர் தப்பினால் துறவியாவேன் என்று புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். தந்தை கோபித்தபோதும் இரண்டு வாரங்களில் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்துவிட்டார்.

பயம் அவரை மடத்திற்குள்ளும் விடவில்லை. 1507 இல் குருவாகி முதல் திருப்பலி ஒப்புக்கொடுத்தபோது, கடவுளோடு பேச எனக்கு என்ன தகுதி என்று எண்ணி நடுங்கினார். நோன்பு, இரவு விழிப்பு, நீண்ட நேரப் பாவசங்கீர்த்தனம் எனத் தன்னை வருத்திக்கொண்டார். ஆனாலும் மனதில் சமாதானம் கிடைக்கவில்லை. அவருடைய மேலாளராகிய ஸ்டௌபிற்ஸ் என்பவர், இந்த இளந்துறவி வேதாகமத்தைக் கற்பிக்க வேண்டும் என விரும்பினார். லூதர் தயங்கியபோதும் 1512 இல் இறையியல் கலாநிதிப் பட்டம் பெற்று, விட்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றத் தொடங்கினார்.

சங்கீதங்களையும் உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தையும் கற்பிப்பதற்காக ஆராய்ந்தபோது அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. கடவுளின் மன்னிப்பு மனிதன் உழைத்துச் சம்பாதிக்கும் கூலியன்று, நம்பிக்கையால் பெற்றுக்கொள்ளும் கொடை என்பதே அது. தண்டிப்பவராக மட்டும் கடவுளைக் கண்டவர், தந்தையாகக் காணத் தொடங்கினார். அவருடைய துணிவின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடவுள் முன் இருந்த பயம் நீங்கியவருக்கு மனிதர் முன் இருந்த பயமும் மெல்ல மெல்லக் குறைந்தது.

வாய் திறக்க வேண்டிய வேளை

அக்காலத்தில் பாவமன்னிப்புச் சீட்டுக்கள் விற்பனை செய்யப்பட்டன. உரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கென இப்பணம் சேர்க்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு பகுதி, மைன்ஸ் நகரப் பேராயர் அல்பிரெக்ட் பூகர் வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்கச் சென்றது. பணம் கொடுத்தால் உத்தரிக்கும் தலத்திலுள்ள ஆன்மாக்கள் விடுதலை பெறும் என்று தெற்சல் என்னும் துறவி பிரசங்கம் செய்தார். ஏழைகள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசையும் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். லூதரின் பங்கு மக்களும் அவற்றை வாங்கி வந்தனர். மனந்திரும்புதல் எதற்கு, சீட்டு இருக்கிறதே என்ற எண்ணம் பரவுவதைக் கண்ட லூதரால் மௌனமாக இருக்க முடியவில்லை.

1517 ஒக்டோபர் 31 ஆம் திகதி பேராயருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, அதனுடன் 95 கருத்துரைகளையும் அனுப்பினார். அவற்றை விட்டன்பேர்க் கோட்டை ஆலயத்தின் கதவில் அறைந்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி; இது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அச்சு இயந்திரத்தின் உதவியால் அக்கருத்துக்கள் விரைவிலேயே ஜேர்மனி முழுவதும் பரவின.

பாப்பரசர் பத்தாம் லியோ 1520 இல் லூதரின் 41 கருத்துக்களைக் கண்டித்து, அவற்றைக் கைவிட 60 நாட்கள் தவணை கொடுத்தார். லூதர் அந்த ஆணையைத் தீயிலிட்டார். 1521 ஜனவரி 3 ஆம் திகதி திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

வேர்ம்ஸ் நகரில் இரண்டு நாட்கள்

மாணவர்களே, இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

1521 ஏப்ரலில் வேர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தின் முன் லூதர் அழைக்கப்பட்டார். பாதுகாப்பாகச் சென்றுவர அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்டிருந்தது. ஆனால் 1414 இல் யான் ஹஸ் என்பவரும் அதேபோன்ற பத்திரத்துடன்தான் கொன்ஸ்டன்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே உயிருடன் எரிக்கப்பட்டார். இது லூதருக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 17 ஆம் திகதி மாலை. 21 வயதான பேரரசன் ஐந்தாம் சாள்ஸ், இளவரசர்கள், ஆயர்கள் எல்லோரும் வீற்றிருந்தனர். மேசை மீது லூதரின் நூல்கள் குவிக்கப்பட்டிருந்தன. அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. இந்நூல்கள் உம்முடையவையா? இவற்றில் உள்ளவற்றை மறுதலிக்கிறீரா? முதலாவது கேள்விக்கு ஆம் என்றார். இரண்டாவது கேள்விக்கு, இது கடவுளின் வார்த்தையையும் ஆன்ம மீட்பையும் பற்றியது, சிந்திக்க அவகாசம் தாருங்கள் என்று கேட்டார். அவரது குரல் பலருக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அவர் தளர்ந்துவிட்டார் என்று சிலர் எண்ணினர். ஒரு நாள் அவகாசம் அளிக்கப்பட்டது.

அன்று மாலையே வியன்னாவிலிருந்த ஓர் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், தான் எதையும் மறுதலிக்கப் போவதில்லை என்று லூதர் குறிப்பிட்டார். ஆகவே அவரிடம் முடிவு இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதற்கே அவகாசம் தேவைப்பட்டது. அந்த இரவைச் செபத்திலும் நண்பர்களுடன் கலந்தாலோசிப்பதிலும் அவர் கழித்ததாகக் கூறப்படுகிறது.

மறுநாள் மாலை தீப்பந்த வெளிச்சத்தில், மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன் எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகப் பேசினார். ஜேர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பதில் கூறினார். தன் நூல்களை மூன்றாக வகுத்தார். முதலாவது வகை விசுவாசமும் நல்லொழுக்கமும் பற்றியது. எதிரிகளும் அவற்றைப் பயனுள்ளவை என ஏற்கின்றனர். இரண்டாவது வகை பாப்பரசர் ஆட்சியின் முறைகேடுகளைக் கண்டிப்பது; அவற்றை மறுத்தால் அநீதிக்குத் துணைபோனதாகும். மூன்றாவது வகை தனிநபர்களுக்கு எதிரானது; அவற்றில் அளவுக்கு மிஞ்சிக் கடுமையாக எழுதியதை அவர் ஒப்புக்கொண்டார். வேதாகமத்தாலோ தெளிந்த நியாயத்தாலோ தன் தவறு நிரூபிக்கப்பட்டாலன்றி, மனச்சாட்சிக்கு விரோதமாக எதையும் மறுதலிக்க முடியாது என்று முடித்தார்.

பேரரசன் அவரைச் சட்டத்திற்குப் புறம்பானவராக அறிவித்தான். ஆனால் சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக், திரும்பும் வழியில் கடத்தப்பட்டவர் போல லூதரை வாட்பேர்க் கோட்டைக்குக் கொண்டு சென்று காப்பாற்றினார். தாடி வளர்த்து, வேறு பெயரில் மறைந்திருந்த லூதர், புதிய ஏற்பாட்டைச் சில வாரங்களிலேயே ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்தார். அது 1522 செப்டெம்பரிலும், முழு வேதாகமம் 1534 இலும் அச்சாகின. சாதாரண மக்களும் தம் மொழியில் வேதாகமத்தை வாசிக்க வழி பிறந்தது.

நாவின் மறுபக்கம்

லூதரின் குறைகளையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1525 இல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியின்போது, கிளர்ச்சியாளரை இரக்கமின்றி அடக்கும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார். பல்லாயிரம் விவசாயிகள் கொல்லப்பட்டனர். 1543 இல் யூதர்களுக்கு எதிராக மிகக் கொடிய நூலொன்றை எழுதினார். பிற்காலத்தில் நாசிகள் அதைத் தம் பிரசாரத்திற்குப் பயன்படுத்தினர். வேர்ம்ஸ் நகரில் தன் கடுஞ்சொல்லை ஒப்புக்கொண்டவர், பின்னர் அந்தக் கவனத்தை இழந்தார். அதிகாரத்தின் முன் எளியவர்களுக்காகப் பேசுவது துணிவு. எளியவர்களுக்கு எதிராகக் கத்துவது துணிவாகாது.

முடிதிருத்துநருக்கு எழுதிய நூல்

எப்படிச் செபிப்பது என்று பீற்றர் என்னும் முடிதிருத்துநர் லூதரிடம் கேட்டார். அவருக்காக 1535 இல் ஒரு சிறு நூல் எழுதினார் லூதர். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் செபமாக இருக்கட்டும். பிறகு செபிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சவரக்கத்தி பிடிப்பவர் கத்தியிலேயே கண்ணாக இருப்பதுபோல மனம் செபத்தில் ஊன்றியிருக்க வேண்டும். கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிக்கலாம் என்று அதில் விளக்கினார். பேரரசன் முன் நின்றவர் முடிதிருத்துநரின் கேள்வியையும் பெரிதாக மதித்தார் என்பதைக் கவனியுங்கள்.

1546 பெப்ரவரி 18 ஆம் திகதி, தான் பிறந்த ஐஸ்லேபன் நகரிலேயே லூதர் காலமானார். கத்தோலிக்க திருச்சபையும் திரெந்து சங்கத்தின் (1545 - 1563) மூலம் பல முறைகேடுகளைத் திருத்திக்கொண்டது. லூதர் எழுப்பிய முக்கிய கேள்வி பற்றி 1999 ஒக்டோபர் 31 ஆம் திகதி கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கைச்சாத்திட்டனர்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

வகுப்பில் விளங்காததைக் கேட்க எழும்பினால் நா வறண்டு போகிறதா? நண்பன் ஒருவன் அநியாயமாகத் தண்டிக்கப்படும்போது உண்மை தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறீர்களா? உங்களைக் கோழை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். லூதரும் முதல் நாள் தாழ்ந்த குரலில்தான் பேசினார். அவகாசம் கேட்டார், செபித்தார், நண்பர்களிடம் ஆலோசித்தார், சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தினார், தன் பிழையையும் ஒப்புக்கொண்டார், பின்னர் பேசினார். இவை எல்லாம் உங்களாலும் முடியும்.

சிந்தித்து எழுதுக

1. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை லூதர் எதிர்த்தமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
2. வேர்ம்ஸ் மன்றத்தில் லூதர் தம் நூல்களை எவ்வாறு வகைப்படுத்தினார்?
3. துணிந்து பேசுதலுக்கும் கடுஞ்சொல் பேசுதலுக்கும் உள்ள வேறுபாட்டை லூதரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குக.