மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திய பேராசிரியர்

அல்சாஸ் மாநிலத்தின் கெப்வில்லர் என்னும் நெசவாலை நகரில், 1878 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் கொன்ராட் ஷ்லும்பெர்ஜே பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1871இல், அம்மண் பிரான்சின் கைவிட்டு யேர்மனியின் ஆளுகைக்குட் சென்றிருந்தது. பிள்ளைகள் யேர்மன் படையிற் சேவை புரிய நேரிடும் என்றஞ்சிய குடும்பம் அவர்களைப் பாரிசுக்குக் கல்வி கற்க அனுப்பியது. பிள்ளையை எல்லைக்கப்பால் அனுப்பிவைத்த பெற்றோர் நம்மவரிடையே மட்டும் இருந்தவரல்லர்.

பாரிஸ் சுரங்கவியற் கல்லூரியில் 1907 முதல் பௌதிகம் கற்பித்த கொன்ராட்டை ஒரு கேள்வி பற்றிக்கொண்டது. தோண்டாமலே நிலத்தின் உள்ளே இருப்பதை அறியவியலுமா? ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். காய்ந்த உப்புப்பாறையும் கருங்கல்லும் தடுக்கும். இரு உலோகக் கோல்களை நிலத்தில் அறைந்து மின்னோட்டத்தைச் செலுத்தி, இடையே வேறிரு கோல்களால் அழுத்த வேறுபாட்டை அளந்தால், கீழுள்ள பாறைப்படையின் தடையைக் கணிக்கலாம். வெளிக்கோல்களின் இடைவெளியை அகற்ற அகற்ற, மின்னோட்டம் ஆழமாக இறங்கும். மணல் நிரப்பிய குளியல் தொட்டியொன்றிற் பரிசோதித்த பின்னர், 1912இல் நோர்மண்டியிலிருந்த குடும்பத் தோட்டத்தில் இம்முறையை அவர் நிலத்திலே சோதித்தார்.

உலகப்போர் வேலையை நிறுத்தியது. போர் முடிந்ததும், 1919இல், தந்தை போல் ஐந்து இலட்சம் பிராங்குகள் தருவதாக மக்கள் கொன்ராட், மார்செல் இருவருடனும் உடன்படிக்கை எழுதினார். பண இலாபத்திற்கு முன்னர் அறிவியல் நலனே பேணப்படவேண்டும் என்பது அதிலிருந்த நிபந்தனை. ஆலை முதலாளி ஒருவர் இட்ட நிபந்தனை இது என்பதை எண்ணும்போது வியப்பே மிஞ்சுகிறது.

1923இல் ருமேனியாவின் அரிச்செஷ்டியில் நிலத்தடி உப்புக்குன்று ஒன்றை இம்முறை வரைந்து காட்டியது. எனினும் பெரும் வெற்றி காத்திருந்தது பிறந்த மண்ணிலேயே. அல்சாஸ் அப்போது மீண்டும் பிரான்சிடம் வந்துவிட்டிருந்தது. 1927 செப்ரெம்பர் 5 அன்று, பெஷெல்புரோன் எண்ணெய்வயலின் துளைக்கிணறொன்றினுள் மின்முனைகளைக் கம்பிவடத்திற் கட்டி இறக்கினர். கொன்ராட்டின் மருமகன் ஹென்றி டோலும் உடனிருந்தோரும் இடைக்கிடை நிறுத்தி, ஒவ்வொரு ஆழத்திலும் அளவெடுத்துக் கையாலேயே வளைகோடு வரைந்தனர். அதுவரை பாறைத்துண்டுகளை வெட்டி மேலே எடுத்தே படைகளை அறியவேண்டியிருந்தது. காலமும் பணமும் விரயமாகின. எண்ணெய்க் கம்பனிகள் உலகெங்கும் இம்முறையைத் தேடி வந்தன.

1936 மே 9 அன்று, சோவியத் ஒன்றியத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்ரொக்ஹோமில் கொன்ராட் காலமானார்.

இன்று பல பத்து மின்முனைகளை ஒரே வரிசையில் நட்டு, கணினியின் உதவியால் நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தையே பெறுகின்றனர். ஆனால் உவர்நீர் ஊறிய மணலும் களிமண்ணும் ஒரேவிதமான அளவைக் காட்டக்கூடும் என்பதால், துளைத்துப் பார்ப்பவரின் தேவை அற்றுப்போகவில்லை. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதை நாம் அறிவோம். அத்தகைய நிலத்தில், கிணற்றை எவ்வளவு ஆழத்தோடு நிறுத்தவேண்டும் என்று பார்ப்பதற்கும் உதவுவது அந்த நான்கு கோல்களே.