சுப்பராம தீட்சிதரும் சிறுவர் இசைப் பயிற்சியும்

மதுரையினின்று தூத்துக்குடி செல்லும் பெருவழியில், கரிசல் வெளியின் நடுவே எப்போதும்வென்றான் என்னும் எம் ஊர் அமைந்துளது. பிற ஊர் நண்பர் இப்பெயரைக் கேட்டு நகைப்பதும், எதில் வென்றீர் என வினவுவதும் உண்டு. இசையைப் பொறுத்தவரை யாம் தோற்றவரே. விடுதிப் பள்ளியில் பயின்ற நாளில் பியானோ கற்கத் தொடங்கினோம். ஒரே விரற்பயிற்சியை நாடோறும் வாசிக்கச் சலிப்புற்று, ஆறு திங்களில் அதனைக் கைவிட்டோம். வீணை பயில்வோரும் வாய்ப்பாட்டுப் பயில்வோரும் எம்மைப் போன்றே இடையில் விட்டதைக் கண்டிருக்கிறோம். சிறுவர் உள்ளம் பயிற்சியில் தளராதிருக்கச் செய்யும் வழி யாது? இவ்வினாவிற்கு விடை தரும் ஒருவர் வாழ்க்கை எம் அண்டை ஊராகிய எட்டயபுரத்திலேயே உளது. அவர்தாம் சுப்பராம தீட்சிதர்.

இவர் 1839ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் 1835இல் மறைந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. முத்துசுவாமியாரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் இவருடைய தாய்வழிப் பாட்டனார். அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாய் விளங்கினார். தமக்கு மகப்பேறின்றி இருந்த ஆண்மகவின் இடத்தைப் பேரனாலேயே நிரப்ப விரும்பி, ஐந்து வயதுச் சிறுவனாகிய சுப்பராமரைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தார்.

பாலுசுவாமியாரின் இளமையும் ஈண்டு அறியத்தக்கது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அவர் மூன்றாண்டுகள் வயலின் பயின்றார். மேனாட்டாரின் அக்கருவியை நம் நாட்டு இசைக்கு இயையுமாறு செய்த முதல்வருள் அவர் ஒருவர். பழகாத கருவியைத் தொடக்கத்தினின்று கற்றவர் ஆதலின், மாணாக்கன் படும் இடர் இன்னதென அவர் நன்கு அறிந்திருப்பார். அத்தகையாரே சுப்பராமருக்கு ஆசிரியராய் வாய்த்தார். இசை அவ்வீட்டின் அன்றாட வழக்கு. உணவும் உறக்கமும் போல அஃது இயல்பாய் நிகழ்ந்தது. அதனோடு வடமொழியும் தெலுங்கும் கற்றார்.

பதினேழாம் வயதில் இவர் தர்பார் இராகத்தில் ஒரு வர்ணம் இயற்றி அரசவையில் பாடினார் என்பர். இத்துணைச் சிறந்த உருப்படியைப் பாலுசுவாமியாரே ஆக்கித் தந்திருத்தல் கூடும் என அரசர் ஐயுற்றார். வேறோர் இராகத்தில் புதியதொன்று இயற்றுமாறு பணித்தார். இளைஞர் அதனையும் செய்து முடித்துப் பரிசு பெற்றார். பயின்றது பயன்படும் ஓர் இடமும், செவி கொடுத்துக் கேட்கும் ஓர் அவையும் இவருக்கு இளமையிலேயே கிட்டின. பத்தொன்பதாம் வயதில் இவரே சமஸ்தான வித்துவானானார். அஃது எம் வயது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகிறது.

நாற்பது ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அன்பர் எட்டயபுரம் வந்தார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்த அவர், நம் கீர்த்தனங்களை மேனாட்டு இசைக்குறியில் அச்சிடும் பெரும்பணியில் ஈடுபட்டுக் கண்ணொளியும் குன்றப் பெற்றவர். முத்துசுவாமியாரின் கீர்த்தனங்கள் அழியாதிருக்க அவற்றைச் சுப்பராமர் நூலாக்க வேண்டும் என அரசரிடம் அவர் வேண்டினார். மூன்று தலைமுறையாகக் குடும்பம் காத்த செல்வத்தை அனைவர்க்கும் திறந்துவிடுதல் எளிதன்று. எனினும் அரசர் விருப்பிற்கு இசைந்து, அறுபதாம் வயதை அடுத்த முதுமையில் தீட்சிதர் எழுத அமர்ந்தார்.

அதன் பயனே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில், ஏறத்தாழ 1700 பக்கங்களில், எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் 1904இல் அது வெளிவந்தது. எழுபத்திரண்டு மேளங்களின் வரிசையில் அமைந்த அந்நூலில் முத்துசுவாமியாரின் கீர்த்தனங்கள் 229 உள. சுரங்களை எழுதியதோடு அமையாமல், ஒவ்வொரு சுரமும் எங்ஙனம் அசைய வேண்டும், எங்ஙனம் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்கும் தனித்தனிக் குறிகளை வகுத்தார். ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்தும் மாணாக்கன் வழி தவறாதிருக்க அக்குறிகள் துணைபுரிவன.

இத்தகைய பெருநூலை முடித்த முதியவர் ஓய்வு கொள்ளுதல் இயல்பு. தீட்சிதரோ அடுத்த ஆண்டே, 1905இல், 'பிரதமாப்பியாச புஸ்தகம்' என்னும் தொடக்கப் பாட நூலை வெளியிட்டார். கடலை அளந்தவர் கரைக்குத் திரும்பி, முதலடி வைக்கும் குழந்தையின் கையைப் பற்றினார். 1906இல் உயிர் நீத்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் இவர் மறைவிற்கு இரங்கிப் பாடினார். இவர் மகன் அம்பி தீட்சிதர் அக்கலையைச் சென்னையிற் பலர்க்கும் கற்பித்தார். பெருநூலும் 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமியால் தமிழெழுத்தில் வெளியிடப்பெற்றது.

இனி எம் வினாவிற்கு வருவோம். சரளி வரிசையை மூன்று காலங்களிலும் திரும்பத் திரும்பப் பாடும் குழந்தை சலிப்படைவது குற்றமன்று. அப்பயிற்சி எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அது காணாமையே குறை. முத்துசுவாமியார் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிப் பாடல் அமைத்த நோட்டுசுரங்களை, இக்காலத்து ஆசிரியர் பலர் தொடக்க மாணவர்க்குக் கற்பிக்கின்றனர். அசைவு மிகாத அச்சிறு பாடல்களால் குழந்தை விரைவில் ஒரு முழுப் பாட்டின் சுவையை அறிகிறது. வீட்டில் நாடோறும் இசை ஒலித்தல், கேட்போர் சிலர் இருத்தல், வயதிற்கேற்ற சிறு பாடல் கிடைத்தல், பெரும்புலவரும் தொடக்கப் பாடத்தை இழிவெனக் கருதாமை ஆகிய நான்கும் கூடுமிடத்துப் பயிற்சி தளராது. பிரம்பும் பரிசும் இவற்றிற்கு ஈடாகா.

சென்ற விடுமுறையில் எட்டயபுரத்திலுள்ள முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடத்தைக் கண்டு மீண்டோம். அன்று மாலை ஊர் ஆலயத்து ஆர்மோனியத்தின் தூசியைத் துடைத்து, விட்ட பாடத்தை முதலினின்று தொடங்கினோம். விரல்கள் இடறின. எம் இளைய தங்கை அருகில் அமர்ந்து கேட்டாள். மறுநாள் தானும் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். அவளுக்குக் கற்பிக்கும் பொருட்டேனும் யாம் நாடோறும் பயிலல் வேண்டும். எம் ஊரின் பெயருக்குப் பொருத்தமான வெற்றி அதுவேயாகும்.