வெள்ளத்துக்கு இடம் விட்டவர்

தமிழ்நாட்டில் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரை எடுத்தால் கூடவே காவிரியும் வந்துவிடும். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பின்னால் நின்ற மைசூர்க்காரர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பேசும்போதும் அதில் சற்று மனத்தாங்கல் கலந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 அன்று, பொறியாளர் தினத்தில், தலைப்பாகை அணிந்த அவரது படத்துக்கு நாடெங்கும் மாலை சூட்டப்படுகிறது. ஆனால், நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அந்த மனிதரின் வாழ்வில் இன்று நமக்கு மிகவும் தேவைப்படும் பகுதி மைசூரில் நிகழ்ந்ததன்று என்றே நான் கருதுகிறேன். 1909ஆம் ஆண்டில் அவர் ஹைதராபாத்தில் கழித்த சில மாதங்களே அவை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1908 செப்டம்பர் 28 அன்று, அந்நகரம் பாதி அழிந்திருந்தது. மூசி பெரிய நதியன்று. விகாராபாத் அருகே அனந்தகிரி மலையில் பிறந்து, ஹைதராபாத்தை இரு கூறாகப் பிரித்து ஓடும் அந்த ஆற்றைக் கோடையில் கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். அந்தச் சாதுவான தோற்றத்தை நம்பி, கரையின் விளிம்புவரை மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தனர். வங்கக் கடலிலிருந்து வந்த புயல் மழை தக்காணத்தின் மேல் நின்று கொட்டியது. நகருக்குத் தெற்கே சம்சாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் பதிவாயின. வெள்ளம் பாலங்களை முறித்தது. ஏறத்தாழ 19,000 வீடுகளைச் சாய்த்தது. 80,000 பேரை வீடற்றவர்களாக்கியது. மாண்டோர் 15,000 பேர்வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆற்றங்கரைப் புளியமரம் ஒன்றின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர்.

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் நதிக்கரைக்குச் சென்று பூசை செய்து அதன் சீற்றத்தைத் தணித்தார் என்றொரு கதை அந்நகரில் இன்றும் உலவுகிறது. கதை எவ்வாறாயினும், அவரது அரசு அத்துடன் நின்றுவிடவில்லை. நகரை மீண்டும் எழுப்பவும், இப்படியொரு வெள்ளம் திரும்ப வந்தால் அதைத் தடுக்கவும் வழி சொல்ல ஒரு பொறியாளரைத் தேடியது.

தேடப்பட்டவர் அப்போது ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். கோலார் மாவட்டத்து முத்தேனஹள்ளியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வருவாயில் படித்து, மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புணேயில் பொறியியல் கற்றவர் விஸ்வேஸ்வரய்யா. 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சிந்து நதி நீரைச் சுக்கூர் நகருக்குக் கொண்டுசென்றார். புணேவுக்கு அருகே கடக்வாஸ்லா அணையில் அவர் 1903இல் பொருத்திய தானியங்கிக் கதவுகள் அவருக்குப் பெரும் பெயர் தந்தன. ஏரி குறித்த மட்டத்தைத் தாண்டினால் அவை தாமே திறக்கும். நீர் இறங்கினால் தாமே மூடும். நள்ளிரவில் வெள்ளம் வரும்போது மதகுக்காரர் விழித்திருக்கிறாரா என்ற கவலைக்கு இடம் வைக்காத ஏற்பாடு அது. மனித மறதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வடிவமைப்பவர் என்பதற்கு அந்தக் கதவுகளே சான்று. பம்பாய் அரசில் இந்தியர் ஒருவர் தலைமைப் பொறியாளராவது அரிது என்பதை உணர்ந்து, 1908இல் பணியைத் துறந்தார். பயணத்தை முடித்துக்கொண்டு 1909 ஏப்ரலில் ஹைதராபாத்தில் பொறுப்பேற்றார்.

அவர் முதலில் செய்தது அணைக்கு இடம் பார்ப்பதன்று, கணக்கு எடுப்பது. மூசியின் மேல்நிலப் பரப்பில் இருந்த ஏரிகள் எண்ணப்பட்டன. சுமார் 860 சதுர மைல் பரப்பில் 788 ஏரிகள். ஏறக்குறைய சதுர மைலுக்கு ஒன்று. அவற்றில் 221 ஏரிகள் அந்த மழையில் உடைந்திருந்தன. தொடர் ஏரிகளின் இயல்பு தமிழருக்குப் புதிதன்று. மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரும், மேல் ஏரியின் கரை உடைந்தால், அத்தனை நீரும் ஒரே நேரத்தில் கீழ் ஏரியின் மேல் வந்து விழும், அதுவும் உடையும். நகரைத் தாக்கியது வானத்து மழை மட்டுமன்று. பல தலைமுறைகள் சேர்த்துவைத்த நீரும் ஒரே இரவில் கூடவே இறங்கியிருந்தது. நகரை அடைந்தபோது உச்ச வெள்ளம் வினாடிக்கு 4,25,000 கன அடி இருந்திருக்கும் என்று அவர் மதிப்பிட்டார்.

அடுத்து அவர் எதிர்கொண்ட சிக்கல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஹைதராபாத்தில் பழைய மழைப் பதிவுகள் போதுமான அளவில் இல்லை. இதுபோல் முன்பு பெய்ததில்லை என்று ஊரார் சொல்வதை ஏற்றுக்கொண்டு, இது நூற்றாண்டுக்கொரு விபத்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இன்றைய அறிக்கைகள் பலவும் அந்தச் சொல்லில்தான் ஒளிந்துகொள்கின்றன. அவர் அப்படிச் செய்யவில்லை. பம்பாய், சென்னை மாகாணங்களின் மழைப் பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார். அண்டை நிலங்களில் பெய்திருக்கும் பெருமழை நாளை இங்கும் பெய்யலாம் என்பதே அவரது துணிபு. தன் ஊரின் நினைவு போதாதபோது அடுத்த ஊரின் வரலாற்றைக் கடன் வாங்கினார்.

அதன் பின்னரே திட்டம் பிறந்தது. நகருக்கு மேலே மூசியின் மீது ஒன்றும், அதன் துணையாறான ஈசியின் மீது ஒன்றுமாக இரு நீர்த்தேக்கங்கள். நகருக்குள் ஆறு கரை மீறாமல் சுமக்கக்கூடிய நீரை விட்டுவிட வேண்டும். அதற்கு மிஞ்சியதை மேலே நிறுத்தி, மழை ஓய்ந்தபின் மெல்ல வெளியேற்ற வேண்டும். ஆகவே அத்தேக்கங்களின் பயன் அவற்றில் நிற்கும் நீரில் மட்டும் இல்லை; வரப்போகும் வெள்ளத்துக்காக விட்டுவைக்கும் வெற்றிடத்திலும் இருந்தது. நகருக்குள் கரைகளை உயர்த்தவும், ஆற்றோரத்தைப் பூங்காக்களாகவும் உலாவும் சாலைகளாகவும் மாற்றவும், கழிவுநீர்த் திட்டம் ஒன்றை நிறைவேற்றவும் அவர் பரிந்துரைத்தார். பூங்கா என்பது அழகுக்காக மட்டுமன்று. ஆற்றின் விளிம்பில் மறுபடியும் வீடு முளைக்காமல் இருக்கவும் அது உதவும்.

அவ்வாண்டு நவம்பரிலேயே மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகச் சென்றுவிட்டார். பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை: கிருஷ்ணராஜ சாகர், பத்ராவதி இரும்பாலை, மைசூர் பல்கலைக்கழகம், 1912 முதல் 1918 வரை திவான் பதவி. பிராமணரல்லாதாருக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்க மகாராஜா முனைந்தபோது, அதனுடன் உடன்படாமல் பதவி விலகினார். ஏரிகளையும் மழையையும் அவ்வளவு நுணுக்கமாக எண்ணியவர், அலுவலகங்களில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கை அதே கண்ணால் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

ஹைதராபாத்தில் அவர் வரைந்தது காகிதத்தோடு போகவில்லை. மகபூப் அலி கான் 1911இல் மறைந்தார். அவர் மகன் உஸ்மான் அலி கான் பணியைத் தொடர்ந்தார். மூசியின் மீது 1920இல் உஸ்மான் சாகரும், ஈசியின் மீது 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. ஒரு பேரழிவுக்குப் பின் எழுதப்பட்ட அறிக்கை, அரசர் மாறிய பிறகும், பதினெட்டு ஆண்டுகள் கடந்தும் நிறைவேறியது. விஸ்வேஸ்வரய்யாவின் மேதைமையைவிட இதுவே எனக்கு அதிக வியப்பளிக்கிறது.

ஆனால், நீர்த்தேக்கங்கள் நகரின் தாகத்தையும் தீர்த்தன. அங்கேதான் மறதி தொடங்கியது. குடிநீரை எண்ணுபவருக்கு நிரம்பிய ஏரியே நல்ல ஏரி. வெள்ளத்தை எண்ணுபவருக்குச் சற்றுக் காலியாக உள்ள ஏரியே நல்ல ஏரி. பெருவெள்ளம் காணாத தலைமுறைகள் வளர வளர, முதல் கணக்கு மட்டும் நினைவில் நின்றது. பிறகு கிருஷ்ணா, கோதாவரி நீர் நகருக்கு வந்ததும் அந்தக் கணக்கும் தளர்ந்தது. இரு ஏரிகளையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பெருங்கட்டுமானங்களைத் தடுத்த 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணையை, குடிநீருக்கு இந்த ஏரிகளை நகரம் இப்போது நம்பியிருக்கவில்லை என்ற காரணம் காட்டி, 2022இல் தெலங்கானா அரசு தளர்த்த முற்பட்டது. அவை எதற்காகக் கட்டப்பட்டன என்ற கேள்விக்கு அந்தக் காரணத்தில் பதில் இல்லை.

இடையில் 2020 அக்டோபர் மழையில் நகரின் ஏரிக்கரைகள் மறுபடியும் உடைந்து, குடியிருப்புகளுக்குள் நீர் பாய்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், ஏறக்குறைய அதே நாள்களில், நீர்த்தேக்கங்களின் கதவுகள் திறக்கப்பட்டபோது மூசி பெருகி மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. பயணிகள் இரவில் அங்கே சிக்கித் தவித்தனர். அந்நிலையம் நிற்பது ஆற்றின் இடத்தில்.

விஸ்வேஸ்வரய்யா 1962 ஏப்ரலில் காலமானார். 1951இல் வெளிவந்த தம் பணிக்கால நினைவுகளில் மூசி வெள்ளத்தைப் பற்றி எழுதும்போதும் அவர் அதிகம் பேசுவது அங்குலங்களையும் ஏரிகளின் எண்ணிக்கையையும்தான். அந்தப் புளியமரம் இப்போதும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. செப்டம்பர் 28 அன்று சிலர் அதன் நிழலில் கூடி இறந்தோரை நினைவுகூர்கின்றனர்.