தாது வருஷத்துப் பஞ்சமும் மாயூரம் முன்சீப்பும்



ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் எப்படியிருக்குமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் பருவமழை பொய்த்துச் சம்பாப் பயிர் கருகியதையும், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளை வேரோடு சாய்த்ததையும் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு விரோதமான பாவங்கள் இரண்டு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சர்வேசுரன் நம்மைக் கைவிட்டார் என்று மனமுடைவது ஒன்று, அது அவநம்பிக்கை. எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று; அது மிஞ்சின நம்பிக்கை. கஷ்டகாலத்தில் இவ்விரண்டு பள்ளத்திலும் விழாமல் நடந்த ஒரு கத்தோலிக்கர் நம் காவேரிக் கரையிலேயே வாழ்ந்தார். அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826 அக்டோபர் 11-ந் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்றார். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளரானார். 1857-ல் தரங்கம்பாடிக்கு முன்சீப்பாக வந்தார். பின்னர் சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்திலும் நியாயம் விசாரித்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். லஞ்சத்தை அவர் தீண்டவில்லை. அதைக் கண்டித்துப் பாட்டுகளும் கட்டினார். ஆங்கிலம் அறியாத ஜனங்களும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று, 1805 முதல் 1861 வரையில் மேல் கோர்ட்டார் செய்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டித் தந்தார். பெண்கள் படிக்க வேண்டுமென்று எழுதியதோடு நில்லாமல், மாயூரத்தில் அவர்களுக்கென்று பள்ளிக்கூடமும் வைத்தார். 1872-ல் உத்தியோகத்தை விட்டு ஓய்வு பெற்றார்.

நான்கு வருஷம் கழித்து, 1876-ல், மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அது இதுதான். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், தென்னிந்தியாவில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். காவேரிப் பாசனம் இருந்ததால் தஞ்சை நாடு மற்ற ஜில்லாக்களைப்போல் அழியவில்லை. ஆனால் இங்கும் தானிய விலை ஏறிற்று. ஏழைகள் வாங்கியுண்ண வழியற்றுப் போனார்கள். குதிரில் நெல் உள்ளவனுக்கு அது லாபகாலம். பூட்டி வைத்தால் நாளைக்கு இன்னும் நல்ல விலை கிடைக்கும். சோதனை அங்கேதான் இருந்தது.

அந்த நாளில் வேதநாயகம் பிள்ளைக்கு உத்தியோகமில்லை, மாதச் சம்பளமில்லை. இருந்ததெல்லாம் சேர்த்து வைத்த பொருள்தான். முதுமைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பத்திரப்படுத்தியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அதைப் பசித்தவர்களுக்காகத் திறந்துவிட்டார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையை வியந்து, அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தரான ஒரு பெரியவர் கிறீஸ்தவர் ஒருவரைப் பாடினாரென்றால், அந்தத் தருமம் எந்த மதத்தாருக்கும் கதவடைக்கவில்லை என்பது விளங்குகிறதல்லவா?

கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை, மன்றாடவும் செய்தார். 1878-ல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் பஞ்சத்தைப் பற்றிய பாட்டுகள் உண்டு. ஜனங்கள் படும் பாட்டைச் சர்வேசுரனிடம் உரிமையோடு எடுத்துச்சொல்லி முறையிடும் பாட்டுகள் அவை. தகப்பனிடம் பிள்ளை அழுது கேட்பதுபோல அவர் கேட்கிறார். எந்த மதத்தாரும் தங்கள் வாயால் பாடி வேண்டிக்கொள்ளும்படியாக அந்தக் கீர்த்தனைகளை அமைத்தார். தேவமாதாவின்பேரில் அந்தாதி பாடிய பக்தர், பசித்த ஊர் முழுவதற்கும் செபிக்க வார்த்தை தேடிக் கொடுத்தார்.

பங்கு மக்களே, இவருடைய நம்பிக்கையைச் சற்று உற்றுப் பாருங்கள். மழை பெய்யட்டும், பிறகு கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. எல்லாம் தேவ பராமரிப்பால் வருகிறதென்று விசுவசித்தவர், தம் கையில் இருந்ததும் அப்படி வந்ததே என்று உணர்ந்தார். ஆகையால் அதை விட்டுக்கொடுக்க அவருக்குப் பயமில்லை. நாளைக்கு என்ன செய்வோம் என்ற பயம் நம்மைப் பூட்டும் சாவியும் தேடச் சொல்கிறது. ஆண்டவரை நம்புகிறவனுடைய கை தானே திறக்கிறது. அவ்வாறு திறந்த கையின் வழியாகத்தான் பக்கத்து வீட்டாருக்குத் தேவ பராமரிப்பு போய்ச் சேருகிறது.

பஞ்சம் தணிந்தபின், 1879-ல், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். 1889 ஜூலை 21-ந் தேதி ஆண்டவரில் இளைப்பாறினார். அவரை நாவலாசிரியராகப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். நம்பிக்கையுள்ள கிறீஸ்தவராகவும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறியட்டும்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு காரியம் செய்யுங்கள். இராச் செபமாலையில் ஒரு பத்து மணியை, கடன்பட்டும் வேலையின்றியும் கலங்கும் குடும்பங்களுக்காக ஒப்புக்கொடுங்கள். சோறு வடிக்கும்முன் ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று தனிப் பானையில் போட்டு வாருங்கள். விளைச்சல் குறைந்த வருஷத்தில் போடும் அந்தப் பிடிக்குச் சர்வேசுரன் சந்நிதியில் மதிப்பு அதிகம்.

அவருடைய ஆசீர்வாதம் உங்கள் வீட்டிலும் வயலிலும் தங்கியிருப்பதாக.

உங்கள் பங்குக் குரு