சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853 – 1924)

மாணவர்களே, இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவர் யார் என்று கேட்டால் நீங்கள் யோசிக்காமல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என எழுதிவிடுவீர்கள். அவரே இரண்டு ஆண்டுகளில் அதைவிட்டு ஏன் விலகினார் என்று கேட்டால்தான் பலருடைய பேனை நின்றுவிடுகிறது. ஆகவே இங்கு அதனையே சற்று விரிவாகப் பார்ப்போம்.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவரது தமையனார். (இருவரையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்தை வென்றவர் இராமநாதன். காங்கிரஸின் முதல் தலைவர் அருணாசலம்.) கொழும்பில் கற்றபின் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது இலங்கையர் இவரே. நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அதன் அறிக்கையை எழுதியவரும் இவர்தான். அப்போது நாட்டின் சனத்தொகை சுமார் 35 இலட்சம்.

1913இல் ஓய்வு பெற்றார். பென்சன் எடுத்தவர் வீட்டில் இருக்கும் வயதில் இவருடைய பொதுவாழ்வு சூடுபிடித்தது. 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் உருவாக்கினார். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளி வேலையை விட்டுச் சென்றால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவ்விதிகளுக்கு எதிராக அருணாசலம் வாதாடினார். 1921இல் அவை நீக்கப்பட்டன. இலங்கைக்கெனத் தனியான பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் போராடியவரும் அவரே.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். 1833 முதல் சட்டநிரூபண சபையில் தமிழருக்கு இனவாரியாகப் பிரதிநிதித்துவம் இருந்தது. சீர்திருத்தவாதிகள் கேட்டதோ பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம். அப்படியானால் வடக்கு, கிழக்குக்கு வெளியே, குறிப்பாகக் கொழும்பில் வாழும் தமிழருக்காகப் பேச யார் இருப்பார்? யாழ்ப்பாணச் சங்கம் இதனாலேயே காங்கிரஸில் சேரத் தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் போக்க, மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசெம்பரில் எழுத்தில் வாக்குறுதி அளித்தனர். அருணாசலம் அதனை நம்பினார். யாழ்ப்பாணத்தவர் அருணாசலத்தை நம்பினர். 1919 டிசெம்பர் 11ஆம் திகதி காங்கிரஸ் உதயமாகியது.

1920ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அந்த ஆசனம் இடம்பெறவில்லை. கொழும்பு நகர ஆசனமாவது அருணாசலத்துக்குக் கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் காங்கிரஸின் சிங்களத் தலைவர்கள் ஜேம்ஸ் பீரிஸை ஆதரித்தனர். வாக்குறுதியில் கையொப்பமிட்ட அதே பீரிஸ்! ஒரு பதவிக்காகவே அருணாசலம் கோபித்துக்கொண்டார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது முழு உண்மையன்று. தம் சொல்லை நம்பி வந்தவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்? 1921இல் காங்கிரஸிலிருந்து விலகினார். இனங்களை ஒன்றாக்க உழைத்த அந்த மனிதர், 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தை அமைத்தார். விடையில் இந்த இரண்டு நிகழ்வுகளையும் காரணத்தோடு தொடர்புபடுத்தி எழுதுங்கள்.

1924 ஜனவரி 9ஆம் திகதி, தல யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில் அருணாசலம் காலமானார். அதே ஆண்டில் மனிங் சீர்திருத்தத்தின் கீழ் புதிய சட்டநிரூபண சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அதில் இனவாரியாக ஒதுக்கப்பட்ட 11 ஆசனங்களுள் ஒன்று, மேல் மாகாணத் தமிழருக்கானது.